எச்ஜி19 கோப்பை எச்ஜி38-க்கு மாற்றுவது எப்படி?

காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ உயிரித்தகவலியல் படித்துவிட்டு முதல் புராஜெக்ட்டில் உட்காரும் மாணவருக்குக் கையில் வரும் முதல் கோப்பு பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும். சீனியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன எக்ஸோம் (புரதம் உண்டாக்கும் பகுதிகள்) தரவாக இருக்கலாம், வெளியில் கொடுத்து வாங்கிய, குறிப்பிட்ட இடங்களை மட்டும் படிக்கும் ஜீனோடைப் சிப் முடிவாகவும் இருக்கலாம். "இது எச்ஜி19-ல இருக்கு. 38-க்கு மாத்திட்டு அப்புறம் பாரு" என்று கைடு சொல்வார். எச்ஜி19, எச்ஜி38 இரண்டும் மனித ஜீனோம் ரெஃபரன்ஸின் பழைய, புதிய பதிப்புகள். கட்டளை ஒரே வரிதான். சற்று நேரத்தில் புதிய கோப்பும் வந்துவிடும். அந்தக் கோப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் பொசிஷனில் ஒரே ஓர் எண் தவறினால் நோயின் பெயரே மாறிவிடும். அப்படி ஓர் உதாரணம் கீழே வருகிறது.

எண் ஏன் மாறுகிறது?

குரோமோசோமின் ஒரு முனையிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எண்ணிக்கொண்டே வந்தால் கிடைக்கும் எண்தான் பொசிஷன். எதை வைத்து எண்ணுகிறோம்? எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் மாதிரி வரிசையான ரெஃபரன்ஸ் ஜீனோமை வைத்து. 2009 பிப்ரவரியில் வந்த பதிப்பு ஜிஆர்சிஎச்37. யுசிஎஸ்சி என்ற ஜீனோம் தரவுத் தளம் அதை எச்ஜி19 என்று அழைக்கிறது. 2013 டிசம்பரில் ஜிஆர்சிஎச்38 வந்தது. அதன் யுசிஎஸ்சி பெயர் எச்ஜி38. இரண்டுக்கும் நடுவில் பல இடைவெளிகளை நிரப்பினார்கள், தவறாக ஒட்டியிருந்த துண்டுகளைப் பிரித்து உரிய இடத்தில் வைத்தார்கள், சில துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பினார்கள். முன்னால் ஓரிடத்தில் ஆயிரம் எழுத்து கூடினால் பின்னால் இருப்பதெல்லாம் ஆயிரம் தள்ளிப்போகும்.

நம் ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். தாத்தா காலத்துப் பத்திரத்தில் ஒரு சர்வே எண் இருக்கும், இன்றைய பட்டாவில் வேறு எண் இருக்கும். நிலம் என்னவோ அதேதான். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் பதிவேடு இருந்தால்தான் எது எதுவென்று தெரியும். ஒரே பழைய எண் இரண்டு உட்பிரிவாகப் பிரிந்துபோயிருப்பதும் உண்டு. ஜீனோமில் அந்தப் பதிவேட்டின் வேலையைச் செய்வது 'செயின்' கோப்பு. 19-லிருந்து 38-க்குப் போகும் செயின் கோப்பு சுருக்கிய நிலையில் ஒரு எம்பி கூட இருக்காது.

புதிதாக வருபவர்கள் பலரும் கேட்பது, ஜிஆர்சிஎச்38-ன் பி13-லிருந்து பி14-க்கும் இப்படி மாற்ற வேண்டுமா என்று. வேண்டாம். அவை ஒட்டுத் திருத்தங்கள், முதன்மைக் குரோமோசோம்களின் எண்களைத் தொடுவதில்லை.

கோப்பு எந்தப் பதிப்பு?

கோப்பின் பெயரை நம்பாதீர்கள். யாரோ அவசரத்தில் வைத்த பெயராக இருக்கும். வேரியன்ட்டுகளை, அதாவது ரெஃபரன்ஸிலிருந்து மாறுபடும் இடங்களை, பட்டியலிடும் விசிஎஃப் கோப்பாக இருந்தால் தலைப்பு வரிகளைத் திறந்து, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் எழுதியிருக்கும் நீளத்தைப் பாருங்கள். 1-ம் குரோமோசோமின் நீளம் ஒன்றே போதும். 249250621 என்றிருந்தால் ஜிஆர்சிஎச்37. 248956422 என்றிருந்தால் ஜிஆர்சிஎச்38, ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது என்று பொருள். 247249719 என்றிருந்தால் அது இன்னும் பழைய எச்ஜி18. அதற்கு வேறு செயின் கோப்பு வேண்டும். 248387328 என்றிருந்தால் 2022-ல் வெளியான, முனையிலிருந்து முனைவரை முழுமையாக எழுதப்பட்ட சிஎச்எம்13.

தலைப்பு வரியே இல்லாத எக்ஸெல் பட்டியலோ பிளிங்க் மென்பொருளின் 'பிம்' கோப்போ வந்தால், நன்றாகத் தெரிந்த ஒரு வேரியன்ட்டைத் தேடுங்கள். நான் வழக்கமாகப் பார்ப்பது எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் ஆர்எஸ்1801133 (ஆர்எஸ் எண் என்பது டிபிஎஸ்என்பி தரவுத்தளம் வேரியன்ட்டுக்குத் தரும் அடையாள எண்). பெரும்பாலான சிப்களில் இது இருக்கும். 1-ம் குரோமோசோமில் 11856378 என்றால் பதிப்பு 37, 11796321 என்றால் பதிப்பு 38.

அதோடு இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. விசிஎஃப் கோப்புகளைக் கையாளும் பிசிஎஃப்டூல்ஸ் கருவியின் 'நார்ம்' கட்டளையிடம் பழைய ரெஃபரன்ஸின் முழு எழுத்துவரிசை உள்ள ஃபாஸ்டா கோப்பைக் கொடுத்து, உங்கள் கோப்பின் 'ரெஃப்' நெடுவரிசையில் உள்ள எழுத்தும் ரெஃபரன்ஸில் அந்த இடத்தில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்று சரிபார்க்கச் சொல்லலாம். பொருந்தாத வரிகள் ஏராளமாக வந்தால் நீங்கள் கணித்த பதிப்பு தவறு. இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. இதே ஓட்டத்தில் இன்டெல்களும் (எழுத்துச் சேர்ப்பு, நீக்கங்கள்) இடப்பக்கம் ஒதுங்கி ஒழுங்காகிவிடும்.

இந்த இடத்திலேயே குரோமோசோம் பெயர்களையும் பாருங்கள். சில கோப்புகளில் எண் மட்டும் இருக்கும், சிலவற்றில் எண்ணுக்கு முன் 'சிஎச்ஆர்' ஒட்டியிருக்கும். யுசிஎஸ்சி செயின் கோப்பு முன்னொட்டோடு வருவது. உங்கள் கோப்பில் முன்னொட்டு இல்லையென்றால், கிராஸ்மேப் போன்ற சில கருவிகள் தவிர மற்றவற்றில் ஒரு வரிகூட மாறாமல் எல்லாமே நிராகரிப்பில் போய்க் குவியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெயரைச் சரிசெய்தால் போதும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மூலமான ஃபாஸ்ட்க்யூ கோப்புகள் (கருவி படித்த டிஎன்ஏ துண்டுகள், அதாவது ரீட்கள்) கையில் இருந்து, சர்வரில் இடமும் இருந்தால், புதிய ரெஃபரன்ஸில் மறுபடி அலைன் செய்து (பொருத்தி) வேரியன்ட்டுகளைப் புதிதாகக் கண்டறிவதே மேல். நோயாளிக்குக் கொடுக்கும் அறிக்கைக்கு நான் அந்த வழியைத்தான் சொல்வேன். எண்களை மாற்றினால், பழைய ரெஃபரன்ஸில் இல்லாத பகுதிகளில் இருந்த வேரியன்ட்டுகள் புதிதாக முளைத்துவிடாது. பழைய ரெஃபரன்ஸின் பிழையால் வந்த பொய் வேரியன்ட்டுகளும் தாமாகப் போய்விடாது.

ஒப்பீட்டுக்காகப் பொதுத் தரவு எடுக்கும்போதும் இதைக் கவனியுங்கள். தமிழர்களின் தரவைப் பார்ப்பவர்கள் ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் உள்ள, இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர் குழுவை அடிக்கடி எடுப்பார்கள். 2015-ல் வெளியான மூன்றாம் கட்டத் தரவு ஜிஆர்சிஎச்37-ல் இருக்கிறது. அதே மாதிரிகளை மறுபடி ஆழமாக வரிசைப்படுத்திய பின்னைய தரவு ஜிஆர்சிஎச்38-லேயே கிடைக்கிறது. வேரியன்ட்டுகளின் அதிர்வெண்களைத் தொகுத்துத் தரும் நோமேட் தரவும் அப்படித்தான்: பதிப்பு 2 பழைய ரெஃபரன்ஸில், 3-ம் 4-ம் புதியதில். நேராகக் கிடைப்பதை எடுக்காமல் பழையதை மாற்றிக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூலத் தரவு இல்லை, சிப் முடிவு அல்லது பழைய விசிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால், சரி, மாற்றலாம்.

தேவையான பொருள்கள்

செயின் கோப்பு, பழைய ஃபாஸ்டா, புதிய ஃபாஸ்டா, கருவி. இவ்வளவுதான். ஃபாஸ்டா ஒவ்வொன்றும் சுருக்கிய நிலையில் ஏறத்தாழ ஒரு ஜிபி, விரித்தால் மூன்று ஜிபிக்கு மேல். விடுதி வைஃபையில் இறக்குபவர்கள், மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையில் இறக்குங்கள். முடிந்ததும், கோப்பு முழுமையாக வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணைச் சரிபாருங்கள். பாதியில் அறுந்த ஃபாஸ்டா பிழைச் செய்தி எதுவும் தராமலே தவறான விடை தரக்கூடும். விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதனுள்ளேயே லினக்ஸ் நிறுவிக்கொள்ளுங்கள். யுசிஎஸ்சி கருவி லினக்ஸுக்கும் மேக்குக்கும்தான் கிடைக்கிறது.

யுசிஎஸ்சியின் இணையப் பக்கத்திலும் பொசிஷனை ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். ஒன்றிரண்டு பொசிஷன்களுக்கு அது நல்ல வழி. நோயாளியின் முழு விசிஎஃப் கோப்பை மட்டும் எந்த வெளித்தளத்திலும் ஏற்றாதீர்கள். பெயரை அழித்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு மனிதரின் லட்சக்கணக்கான வேரியன்ட்டுகளே அவருடைய அடையாளம்தான். அந்த வேலையை உங்கள் கணினியில் வைத்தே முடியுங்கள்.

பெட் கோப்பும் அந்த ஓர் எண்ணும்

பதிப்பு மாற்றும் யுசிஎஸ்சி கருவியான லிஃப்ட்ஓவருக்கு உள்ளே போவது, குரோமோசோம், தொடக்கம், முடிவு என்று எழுதும் பெட் வடிவம். இங்கேதான் ஓர் எண் பிசகு வருகிறது, அதனால் மெதுவாகப் பார்ப்போம். விசிஎஃப் முதல் எழுத்தை 1 என்று எண்ணும். பெட் முதல் எழுத்தை 0 என்று எண்ணும், முடிவு எண்ணைச் சேர்க்காது. ஆகவே ஒற்றை எழுத்து வேரியன்ட்டுக்குத் தொடக்கம் பொசிஷனில் ஒன்று குறைவு, முடிவு அதே பொசிஷன்.

அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இதை முதலில் 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறிந்தார்கள். எச்பிபி மரபணுவில் உள்ள அந்த மாற்றம், ஆர்எஸ்334, பதிப்பு 37-ல் 11-ம் குரோமோசோமில் 5248232. பெட் வரியில் 5248231, 5248232 என்று எழுத வேண்டும். மாற்றினால் 5227001, 5227002 என்று வரும். பொசிஷன் 5227002. பதிப்பு 38-ல் அதன் சரியான இடம் அதுதான்.

இப்போது அதே வரியை 5248232, 5248233 என்று எழுதினால் என்ன ஆகும்? கருவி முறைக்காது. 5227002, 5227003 என்று ஒழுங்காக மாற்றித் தரும். நீங்கள் பொசிஷன் 5227003 என்று எடுத்துக்கொள்வீர்கள். அது ஹீமோகுளோபின் சி என்ற வேறொரு நிலையை உண்டாக்கும் மாற்றத்தின் இடம்! இரண்டும் ஒரே கோடானின் (மூன்றெழுத்துத் தொகுதியின்) அடுத்தடுத்த எழுத்துகள். இதைப் பிடித்துக் கொடுப்பது ரெஃப் எழுத்துதான்: 5227002-ல் 'டி' இருக்கிறது, 5227003-ல் 'சி' இருக்கிறது. உங்கள் கோப்பில் ரெஃப் 'டி' என்றிருக்க, புதிய இடத்தில் 'சி' இருந்தால் ஏதோ பிசகியிருக்கிறது.

இதே மரபணுவில், நம் நாட்டில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாகும் ஐவிஎஸ்1-5 மாற்றம் 5248155-லிருந்து 5226925-க்குப் போகிறது. இரண்டிலும் வித்தியாசம் 21230. இதைப் பார்த்துவிட்டு 11-ம் குரோமோசோம் முழுவதற்கும் 21230-ஐக் கழித்துவிடலாமே என்று எக்ஸெலில் சூத்திரம் போடத் தோன்றும். போடாதீர்கள். இந்த வித்தியாசம் அந்தத் துண்டுக்கு மட்டும் உரியது. அடுத்த துண்டில் வேறு எண்.

கட்டளையில் நான்கு பெயர்கள் வரிசையாக வரும்: பழைய பெட் கோப்பு, செயின் கோப்பு, புதிய பெட் கோப்பு, மாறாதவை போய்ச் சேரும் கோப்பு. நான்காவதைத் திறந்து படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே காரணம் எழுதியிருக்கும்: புதியதில் நீக்கப்பட்டது, ஓரளவு நீக்கப்பட்டது, பிரிந்துபோனது, இரட்டித்தது.

ஒற்றைப் பொசிஷனுக்குப் பதில் நீளமான பகுதிகளை மாற்றும்போது 'பிரிந்துபோனது' நிறைய வரும். நம் பக்கத்தில் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களை ஆராயும்போது, தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒன்றாகவே வந்த நீண்ட பகுதிகளைத் தேடுவோம். அந்தப் பகுதிகளின் தொடக்க, முடிவு எண்களை மாற்றப் பார்ப்பது நல்ல வழியல்ல. நடுவில் ஒரு துண்டு திரும்பியிருந்தாலே பகுதி உடைந்துவிடும். முதலில் ஒற்றை வேரியன்ட்டுகளை மாற்றுங்கள், பிறகு புதிய எண்களை வைத்துப் பகுதிகளை மறுபடி கணக்கிடுங்கள்.

விசிஎஃப் கோப்புக்கு

பெட் கோப்பில் எண்தான் மாறுகிறது. விசிஎஃப்பில் எழுத்தும் மாற வேண்டியிருக்கும். அதைக் கவனிக்கும் கருவியே வேண்டும்.

இதற்கு ஆகத் தெளிவான உதாரணம் ரத்தம் உறைதல் தொடர்பான ஃபேக்டர் 5 லெய்டன், ஆர்எஸ்6025. பதிப்பு 37-ல் 1-ம் குரோமோசோமில் 169519049. அந்தப் பதிப்பின் ரெஃபரன்ஸிலேயே அரிதான, நோய்க்குக் காரணமான 'டி' எழுத்து உட்கார்ந்திருந்தது. ஆகவே எந்தக் குறையும் இல்லாத ஆளுக்கு, பழைய விசிஎஃப்பில் இரண்டு பிரதியிலும் 'சி' வேரியன்ட் இருப்பதாக வரும். இரண்டு பிரதியிலும் லெய்டன் உள்ளவருக்கோ வரியே வராது! பதிப்பு 38-ல் இதைச் சரிசெய்து 'சி'யை ரெஃபரன்ஸாக்கினார்கள். இடம் 169549811. இப்போது மாற்றும்போது ரெஃப், ஆல்ட் (மாறுபட்ட எழுத்து) இரண்டும் இடம் மாற வேண்டும். ஜீனோடைப்பும் (0 என்றால் ரெஃப், 1 என்றால் ஆல்ட்) 1/1 என்பதிலிருந்து 0/0 ஆக வேண்டும், எழுத்துக்கு எழுத்து எண்ணிய ரீட் கணக்கின் வரிசையும் திரும்ப வேண்டும், அல்லீல் அதிர்வெண் ஒன்றிலிருந்து கழிய வேண்டும்.

கருவிகள் இதை ஒரே மாதிரி கையாள்வதில்லை. கிராஸ்மேப் நிறுவ எளிது, ஆனால் அது புதிய இடத்தின் ரெஃப் எழுத்தைப் போட்டுவிட்டு, ஆல்ட்டும் அதுவும் ஒன்றாகிவிட்டால் வரியையே நிராகரிக்கும். லெய்டன் வரி அங்கே போய்விடும். பிக்கார்டின் லிஃப்ட்ஓவர் விசிஎஃப்பும் இயல்பாக நிராகரிக்கும். இடம்மாறிய ரெஃப், ஆல்ட்டை மீட்கச் சொல்லும் தெரிவை நீங்கள்தான் இயக்க வேண்டும். அது நினைவகத்தையும் நிறையக் கேட்கும், சாதாரண லேப்டாப் திணறும். பிசிஎஃப்டூல்ஸுக்கான லிஃப்ட்ஓவர் பிளகின் பழைய, புதிய ஃபாஸ்டா இரண்டையும் வாங்கிக்கொண்டு, இடமாற்றத்தையும் தலைகீழ்த் துண்டுகளையும் இன்டெல்களையும் தானே கவனிக்கிறது. எந்த வரியில் திருப்பினேன், எந்த வரியில் மாற்றினேன் என்று குறியும் போட்டுத் தருகிறது. புதிதாகத் தொடங்குபவர் இதைக் கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பிசிஎஃப்டூல்ஸோடு சேர்ந்து வராது, தனியாக இறக்கி நிறுவ வேண்டும். வெளிவரும் கோப்பை மறுபடி வரிசைப்படுத்துங்கள், ஏனென்றால் சில வரிகள் வேறு குரோமோசோமுக்கே போயிருக்கும்.

சிப் தரவில் கூடுதல் கவனம் வேண்டும். பிம் கோப்பில் எது ரெஃப் என்ற குறிப்பு உறுதியாக இருக்காது. தலைகீழாகத் திரும்பிய துண்டில் ஏ-ஜி மாற்றம் டி-சி ஆகிவிடும், பார்த்தவுடன் தெரியும். ஏ-டி, சி-ஜி வகை மாற்றங்கள் திரும்பினாலும் அப்படியே தோன்றும். அதிர்வெண்ணை வைத்துத் தீர்க்க முடியாதவற்றை விட்டுவிடுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா தனிக் கதை

யுசிஎஸ்சி எச்ஜி19-ல் உள்ள மைட்டோகாண்ட்ரியா வரிசையின் நீளம் 16571. மற்றவர்கள் ஜிஆர்சிஎச்37-ஓடு பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் திருத்த வரிசையின் நீளம் 16569. எச்ஜி38-ல் இருப்பதும் இந்த 16569 எழுத்து வரிசைதான். ஆகவே தலைப்பில் 16569 என்றிருந்தால் மைட்டோகாண்ட்ரியா வரிகளை மாற்றாமல் அப்படியே புதிய கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். 16571 என்றிருந்தால்தான் மாற்றம் தேவை. பார்வை நரம்பு நோய்க்காக 11778-ஐத் தேடுபவர்கள் இந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தில் ஏமாறக் கூடாது.

வந்த கோப்பைச் சோதிப்பது

முதலில் கணக்கு. உள்ளே போன வரிகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை, நிராகரிப்பில் எத்தனை? கூட்டினால் சரியாக வர வேண்டும். வழக்கமான எக்ஸோம், சிப் தரவில் நூற்றுக்கு 99-க்கு மேல் மாறிவிடும். அதற்குக் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். மொத்தத்தை மட்டும் பார்க்காமல் குரோமோசோம் வாரியாகவும் பாருங்கள். ஒரே ஒரு குரோமோசோம் முழுதாகக் காணாமல் போயிருப்பது மொத்தக் கணக்கில் கண்ணில் படாது.

அப்புறம் ரெஃப் சோதனை. தொடக்கத்தில் பழைய ஃபாஸ்டாவோடு செய்ததை இப்போது புதிய ஃபாஸ்டாவோடு செய்யுங்கள். பொருந்தாத வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிராஸ்மேப் போல ரெஃப் எழுத்தைத் தானே மாற்றிப்போடும் கருவியில் இந்தச் சோதனை எப்போதும் தேறிவிடும். அங்கே பழைய ரெஃப்பும் புதிய ரெஃப்பும் வேறுபடும் வரிகளைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு, மாறிய கோப்பை எதிர்த்திசைச் செயின் கோப்பால் 37-க்கே திருப்பி அனுப்புங்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேராத பொசிஷன்களை ஒதுக்குங்கள். ஆர்எஸ் எண் உள்ள வேரியன்ட்டுகள் சிலவற்றை டிபிஎஸ்என்பி தளத்தில் தட்டிப் பார்ப்பதும் நல்லது, அங்கே இரண்டு பதிப்பின் பொசிஷனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மரபணுவின் டிரான்ஸ்கிரிப்ட்டை வைத்து எழுதும் பெயர் பதிப்பு மாறினாலும் மாறாது: அரிவாள் செல் மாற்றம் இரண்டிலும் எச்பிபி 20-ம் எழுத்து ஏ-யிலிருந்து டி-தான் (இந்த மரபணு எதிர் இழையில் இருப்பதால், மேலே ரெஃப் 'டி' என்று பார்த்தது இங்கே 'ஏ' ஆகிறது). மாற்றிய கோப்பைப் புதிதாக அனோட்டேட் செய்து (மரபணு, விளைவு போன்ற விவரங்களைச் சேர்த்து), இந்தப் பெயர் பழைய அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய அனோட்டேஷன் நெடுவரிசைகளைச் சுமந்து வர வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

நிராகரிப்புக் கோப்பைக் கடைசிவரை வைத்திருங்கள். உங்கள் ஆய்வுக்கு உரிய மரபணுக்களின் பட்டியலோடு அதை ஒப்பிட்டு, முக்கியமான ஒன்று அதில் மாட்டியிருந்தால் அதைக் கையால் தேடிப் பொருத்துங்கள்.

ஆய்வேட்டில் எழுத வேண்டியது: எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு, செயின் கோப்பின் பெயரும் இறக்கிய தேதியும், கருவியும் அதன் பதிப்பும், இயக்கிய தெரிவுகள், உள்ளே வெளியே நிராகரிப்பு எண்ணிக்கைகள். ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் ஜிஆர்சிஎச்38 என்று எழுதுங்கள். நோயாளிக்குச் சொல்லப்போகும் வேரியன்ட்டாக இருந்தால் சாங்கர் வரிசைப்படுத்தும் முறையில் உறுதிசெய்துவிட்டே சொல்லுங்கள். அதற்கு ப்ரைமர் வடிவமைக்கும்போது, தளத்தில் மேலே தெரிவாகியிருக்கும் பதிப்பு 38 தானா என்று பார்த்துவிட்டுப் பொசிஷனை உள்ளிடுங்கள்.